ஸ்லைடிங் கேட்டுக்கு "வெண்கல வீல்" கியர் மோட்டார் வாங்கப் போறீங்களா? ரூ.11,450 போச்சு, இதைப் படிச்சிட்டு வாங்குங்க

வீட்டிலேயே கேட்டுக்கு மோட்டார் பொருத்தி ஓட்டுறவங்க எல்லாருக்கும் இந்தப் பதிவு. ஆன்லைன்ல ரூ.11,450 கொடுத்து வாங்கின கியர் மோட்டார் 19 நாள்ல பல் அறுந்து கிடக்குது. "உங்கள் புகார் முடிக்கப்பட்டது"ன்னு நேத்து ராத்திரி மெசேஜ் வந்துச்சு. யார் முடிச்சது, எப்படி முடிச்சதுன்னு ஒரு வரி கிடையாது. கையில பணமும் இல்ல, ஓடுற மோட்டாரும் இல்ல. கேட்டுல எது தேயும், எப்படிக் கண்டுபிடிக்கிறது, எதைப் பார்த்து வாங்கணும்னு எல்லாத்தையும் எழுதிடறேன்.

அமைப்பைச் சொல்லிடறேன், அப்பத்தான் மத்தது புரியும். 14 அடி எம்.எஸ். (சாதா இரும்பு) கேட், எடை சுமார் 350 கிலோ. கீழே ரெண்டு வி-குரூவ் சக்கரம், ஆங்கிள் தண்டவாளம். கேட்டோட அடியில மாடியூல் 4 ராக் (நீளமான பல் பட்டை; மாடியூல்ங்கறது பல்லோட அளவு), கியர்பாக்ஸ் ஷாஃப்டுல அதை நகர்த்தற 16 பல் பினியன் (சின்ன பல் சக்கரம்). அரை ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1:30 வார்ம் கியர்பாக்ஸ் (திருகு மாதிரி இருக்கிற வார்ம், வார்ம் வீல்ங்கற பல் சக்கரத்தைச் சுத்தும்; மோட்டார் 30 சுத்துக்கு வீல் ஒரு சுத்து). மோட்டார் நிமிஷத்துக்கு 1400 சுத்து சுத்தினா பினியன் 46 சுத்துக்கு மேல சுத்தும், ஒரு சுத்துக்கு கேட் 20 செ.மீ. நகரும். அரை நிமிஷத்துக்குள்ள முழுசாத் திறந்திடும். முன்னாடி பின்னாடி ஓட ரெண்டு கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரன்ட் விடற சுவிட்ச்), ரெண்டு பக்கமும் கேட் முனைக்கு வந்ததும் நிறுத்தற லிமிட் சுவிட்ச். சாமான் தனித்தனியா வாங்கி, பட்டறையில வெல்டு பண்ணிச் சேர்த்தது. அந்தப் பழைய மோட்டார் நாலு வருஷம் குறையில்லாம ஓடுச்சு.

அப்புறம் கேட் நிக்கும்போது "டக்"னு ஒரு சத்தம். மூடின கேட்டைக் கையால தள்ளினா முன்னாடியும் பின்னாடியும் ஆட்டம். இந்த இடத்துல பாதிப் பேர் மோட்டாரைக் குறை சொல்லி மாத்திடுவாங்க. அது தப்பு. முதல்ல மெயினை ஆஃப் பண்ணி, மோட்டாரோட பேஸ் போல்ட்டைத் தளர்த்தி இறக்கி, பினியனை ராக்கிலிருந்து விடுவிக்கணும். கேட்டுல ஸ்பிரிங் தராசை மாட்டி (மீன் கடைக்காரர் தூக்கிப் பிடிக்கிற அதே தராசுதான்) மெதுவா இழுத்து, எத்தனை கிலோவுல நகருதுன்னு பாருங்க. கேட் எடையில ரெண்டு மூணு சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. என் கேட் 22 கிலோ காட்டுச்சு. சக்கரத்துல இருந்த 6203 பேரிங்ல தண்ணி போய்த் துரு புடிச்சிருந்தது, தண்டவாளத்துல மண்ணும் சிமென்ட் கட்டியும். ரெண்டு சக்கரத்துலயும் ரப்பர் சீல் வச்ச பேரிங் போட்டு, தண்டவாளத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினதும் 7 கிலோவுக்கு இறங்கிடுச்சு. இந்த 7 கிலோவை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

அடுத்தது ஆட்டத்தை அளக்கிறது. மோட்டாரைத் திரும்பப் பொருத்தி, கேட்டுலயும் தரையிலயும் சாக்பீஸ்ல ஒரே கோடு போட்டு, கேட்டை முன்னாடி தள்ளி ஒரு அளவு, பின்னாடி இழுத்து ஒரு அளவு. எனக்கு மொத்தம் 4 மி.மீ. இதுல 1 மி.மீ. ராக்குக்கும் பினியனுக்கும் நடுவுல விடற இடைவெளியால வருது. அந்த இடைவெளி ஒண்ணு ஒன்றரை மி.மீ. இருந்தே ஆகணும், இல்லேன்னா கேட்டோட எடை பினியன் மேல உக்காந்து ஷாஃப்டு பேரிங்கைத் தின்னுடும். மீதி 3 மி.மீ. கியர்பாக்ஸுக்குள்ள. டிரெயின் பிளக்கைத் திறந்து ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்தினா தங்கப் பொடி மாதிரி மினுக்குது. வெண்கல வார்ம் வீல் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். நாலு வருஷ ஓட்டத்துக்கு அது நியாயமான தேய்மானம்.

வீலை மட்டும் புதுசா கியர் கட்டிங் பட்டறையில வெட்டி வாங்கியிருக்கணும். அங்கதான் சறுக்கிட்டேன். தொழிற்சாலைச் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல அதே 1:30 கியர் மோட்டார், "முழு உலோக கியர், வெண்கல வார்ம் வீல், 100% காப்பர் வைண்டிங், ஒரு வருட வாரண்டி, 40 நியூட்டன் மீட்டர்"னு (அது ஷாஃப்டோட திருகு விசை) போட்டிருந்தாங்க. சும்மா நம்பிடல. விக்கிறவரோட நம்பருக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "சார், உங்க பினியன் மாடியூல் எத்தனை? ஷாஃப்ட் 20-ஆ, 25-ஆ?" அந்தக் கேள்வியிலதான் விழுந்தேன். தொழில் தெரிஞ்சவர்தான் இப்படிக் கேப்பார்னு மனசு சொல்லிடுச்சு. "உள்ள வீல் வெண்கலம்தானா?"ன்னு நேராவே கேட்டேன். "நானே திறந்து பார்த்திருக்கேன் சார், கவலையே படாதீங்க"ன்னு சொல்லி, மூடி திறந்த கியர்பாக்ஸ் போட்டோ ஒண்ணை வாட்ஸ்அப்புல அனுப்பினார். பளபளன்னு வெண்கல வீல். அன்னைக்கு ராத்திரியே ரூ.11,450 கட்டினேன்.

அந்த போட்டோவுல மூடிக்கு எட்டு போல்ட். வந்த மோட்டாருக்கு ஆறு. வந்த அன்னைக்கே எண்ணிப் பார்த்திருந்தா இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

பொருத்தின முதல் நாள் ஆட்டம், ராக் இடைவெளியைக் கழிச்சா அரை மி.மீ. கூட இல்ல. ஆனா கிளாம்ப் மீட்டர்ல (கம்பியைச் சுத்திப் பிடிச்சுக் கரன்ட் அளக்கிறது) பார்த்தா, பினியன் ராக்கைத் தொடாம வெறுமனே ஓடும்போதே 3.3 ஆம்ப் எடுக்குது. நேம் பிளேட்டுல முழு லோடுக்கே 2.8 ஆம்ப்னுதான் அடிச்சிருக்கு. அங்கயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கணும். புதுசு, ஓட ஓட சரியாகும்னு விட்டுட்டேன். 12-ஆம் நாள் ஆட்டம் 2 மி.மீ. அஞ்சாறு தடவை ஓட்டினாலே மேல் கவர்ல கை வைக்க முடியல. 19-ஆம் நாள் மோட்டார் உள்ள சுத்துது, பினியன் அசையவே இல்ல.

திறந்து பார்த்தேன். ஆயிலே ஊத்தல, கொஞ்சம் கிரீஸ் தடவி மூடியிருக்காங்க. வார்ம் கியர் உருளுற கியர் கிடையாது, பல்லு மேல பல்லு வழுக்கி ஓடற கியர். ஆயில் குளியல் இருந்தாத்தான் சூடு வெளியேறும். கிரீஸ் முதல் நாளே பல்லை விட்டு ஒதுங்கிடும். வீல் மஞ்சள் நிறம், ஆனா பல் அறுந்த இடம் சாம்பல். அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்ததும் மஞ்சள் முலாம் போய், வெள்ளையாத் துத்தநாக வார்ப்பு. காந்தம் வச்சுப் பார்த்தேனேன்னு யாரும் ஏமாறாதீங்க, வெண்கலத்துலயும் காந்தம் ஒட்டாது, துத்தநாகத்துலயும் ஒட்டாது. அரம் மட்டும்தான் உண்மை சொல்லும். வைண்டிங் கம்பியோட வார்னிஷை பிளேடால சுரண்டினேன். மேல செம்பு நிறம், இன்னும் கொஞ்சம் சுரண்டினா அலுமினியம். ரூ.11,450-க்கு சொன்ன ரெண்டு விஷயமும் பொய்.

அப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. தளத்தோட சாட்டுல முதல் பதில், "7 நாள் திருப்பும் காலம் முடிந்துவிட்டது." ஒரு வருட வாரண்டி எங்கன்னு கேட்டா, "அது விற்பனையாளர் பொறுப்பு." விற்பனையாளர் கிட்ட போனா, வீடியோ அனுப்புங்க. அனுப்பினேன். தெளிவா இல்ல, திரும்ப அனுப்புங்க. அனுப்பினேன். மூணு நாள் கழிச்சு, "ஓவர்லோடு, அதான் பல் போயிருக்கு."

ஓவர்லோடா? 7 கிலோ இழுவை, பினியனோட ஆரம் 32 மி.மீ. பெருக்கினா ஓடும்போது 2.2 நியூட்டன் மீட்டர். கேட் கிளம்பற உதறலுக்கு அஞ்சு மடங்குன்னே வைங்க, 11. அவங்க விளம்பரத்துல போட்டது 40. தராசு போட்டோவோட இந்தக் கணக்கை எழுதி அனுப்பினேன். அதுக்கு வந்த பதில்தான் இன்னும் வயித்தெரிச்சல்: "இது வீட்டில் தயாரித்த கேட் அமைப்பு, கம்பெனி கிட் அல்ல, எனவே வாரண்டி செல்லாது." விக்கும்போது மாடியூல் எத்தனைன்னு கேட்டு வித்தவங்க இவங்க. எல்லாம் ஒரே செட்டா வர்ற கம்பெனி கிட்டுக்கு யாராவது மாடியூல் கேப்பாங்களா? வீட்டுல செஞ்சதுன்னு தெரிஞ்சேதான் வித்தாங்க. கடைசியா, "கியர் செட்டுக்கு ரூ.3,900 கட்டுங்க, கூரியர் உங்க செலவு." திரும்ப அதே துத்தநாக வீலுக்கு! ரூ.11,450 போனது பத்தாதா? மறுத்ததும் போன் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. தளத்துல புகார் "முடிக்கப்பட்டது."

சட்டம் இவங்க பக்கம் இல்ல. 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருளையும் பழுதான பொருளையும் திரும்ப எடுக்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்ல முடியாது. தளத்தோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சாச்சு. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ரூ.11,450 சின்னத் தொகைன்னு விடப்போறதில்ல.

கேப்பாசிட்டர், லிமிட் சுவிட்ச் எல்லாம் விரிவா எழுதணும்னு நினைச்சேன். இப்ப மனசு அதுல நிக்கல. அவசரத்துக்கு இதை மட்டும் எடுத்துக்கங்க.

மோட்டார் உறுமிட்டுக் கிளம்பாம நின்னா, மோட்டார் ஷாஃப்டைச் சுத்தி விட்டா கிளம்புதுன்னா, அனேகமா கேப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பி விடற பாகம்) போயிருக்கும். சில நூறு ரூபாயில முடியும், மோட்டார் வாங்காதீங்க. தொடறதுக்கு முன்னாடி அதுல தேங்கியிருக்கிற கரன்ட்டை டிஸ்சார்ஜ் பண்ணுங்க.

புது கியர்பாக்ஸ் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பொருத்தறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, வீலோட பக்கவாட்டுல, பல்லுல இல்ல, அரத்தால ஒரு கீறல் போடுங்க. உள்ளயும் மஞ்சளா, சிவப்பு கலந்த மஞ்சளா இருக்கணும். "திறந்தா வாரண்டி போயிடும்"னு சொல்றவன் கிட்ட வாங்கவே வாங்காதீங்க.

ஆயில் இல்லாம ஓட்டாதீங்க. அந்த கியர்பாக்ஸுக்குச் சொன்ன கிரேடை லெவல் பிளக் வரைக்கும் ஊத்துங்க. கந்தகம் கலந்த இ.பி. ஆயில் (அதிக அழுத்தத்துக்கான கியர் ஆயில்) சூட்டுல வெண்கலத்தை அரிக்கும், அது இல்லாததான்னு கேட்டு வாங்குங்க.

வெறும் ஓட்டத்துல ஆம்ப் நேம் பிளேட்டைத் தாண்டினா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க.

ஜி.எஸ்.டி. பில்லுல "வெண்கல வீல், காப்பர் வைண்டிங்"னு எழுதச் சொல்லுங்க. வாய்ப்பேச்சு நிக்காது.

கடைசியா ஒண்ணு, இது பணத்தை விட முக்கியம். வார்ம் வீல் பல் அறுந்துட்டா கேட்டைப் பிடிச்சு நிறுத்த எதுவுமே இல்ல. 350 கிலோ கேட், தண்டவாளம் கொஞ்சம் சரிஞ்சிருந்தாலும் தானா ஓடும். ரெண்டு முனையிலும் கனமான ஸ்டாப்பர் இல்லாத வீடு இருந்தா, குழந்தைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க, நாளைக்கே வெல்டரைக் கூப்பிடுங்க.