பெயர் தெரியாத உதிரிபாகம்: சேசிஸ் எண்ணா, பாகத்தின் எண்ணா, வெர்னியரா?

ஆயில் ஃபில்டரையோ பிரேக் பேடையோ தேடுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மாடலையும் ஆண்டையும் சொன்னால் அநேகமாகச் சரியானதே வந்துவிடும். தலைவலி கொடுப்பவை வேறு ரகம். கியர்பாக்ஸ் ஓரத்தில் கசியும் ஒரு சீல், நாலு இடத்தில் வளைந்து போகும் ஒரு கூலன்ட் குழாய், எதற்கு இருக்கிறது என்றே புரியாத ஒரு சென்சார், முந்தைய உரிமையாளர் எங்கிருந்தோ பிடித்து மாட்டிய ஒரு பிராக்கெட். பெயர் தெரியாததால் கடையில் கேட்கவும் முடியாது. கழற்றினால்தான் முகமே தெரியும்.

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கம்பெனி ஆள் சேசிஸ் எண்ணைக் கேட்பார். மெக்கானிக் பழைய பாகத்தைக் கொண்டுவரச் சொல்வார். லேத் பட்டறைக்காரர் விட்டத்தையும் தடிமனையும் துல்லியமாக அளக்கும் வெர்னியரைக் கையில் எடுப்பார். பையன்கள் ஃபோனில் படம் எடுப்பார்கள். எல்லாம் நல்ல வழிகள்தான். ஆனால் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. ஆலையிலிருந்து வெளியே வந்த நாளில் வண்டியில் என்ன இருந்தது என்பதைச் சேசிஸ் எண் சொல்கிறது. இன்று என்ன இருக்கிறது என்பதைக் கழற்றிய பாகம் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக வாங்கலாம். முரண்பட்டால் வெர்னியரை வைத்துத்தான் பஞ்சாயத்து.

சேசிஸ் எண்ணும் கேட்டலாக்கும்

இன்றைய கார்களின் சேசிஸ் எண் 17 எழுத்துகள் கொண்டது. அதன் அமைப்பை ஐஎஸ்ஓ 3779 என்ற தரம் வரையறுக்கிறது. ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது, 1 என்றும் 0 என்றும் படித்துவிடக் கூடாது என்பதற்காக. எண்ணை எழுதிக்கொடுத்தவர் நடுவில் ஒரு ‘ஓ’ போட்டிருந்தால் அது பூஜ்யம் என்று கண்ணை மூடிக்கொண்டு திருத்தலாம். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். வட அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாவது இடம் மற்ற எழுத்துகளைச் சரிபார்க்கும் கணக்குக்கும், பத்தாவது இடம் மாடல் ஆண்டுக்கும் ஒதுக்கப்பட்டவை. இதை எல்லா நாட்டு வண்டிகளுக்கும் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான். பத்தாவது எழுத்தை ஆண்டுக்குப் பயன்படுத்தாத தயாரிப்பாளர்களும் உண்டு.

இந்த எண்ணைக் கொடுத்துத் தேடினால் கம்பெனியின் உதிரிபாகக் கேட்டலாக்கில், பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்ட படம் திறக்கும். என் பார்வையில் அந்தப் படம்தான் இந்த வழியின் உண்மையான லாபம். பெயர் தெரியாவிட்டாலும், எந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் எது உட்காருகிறது என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம். எத்தனை வேண்டும், கூடவே எந்த வாஷர் வேண்டும், பழைய எண் நின்றுபோய் எந்தப் புது எண் வந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். ஒரே ஆண்டில் ஒரே மாடலுக்கு இரண்டு வேறு நிறுவனங்களின் பிரேக் காலிப்பர் போட்டிருப்பதும், ஆண்டின் நடுவில் சத்தமில்லாமல் ஒரு ஷாஃப்ட்டின் அளவை மாற்றியிருப்பதும் சகஜம். “இந்தச் சேசிஸ் வரை இது, அதற்குப் பிறகு அது” என்று பிரித்துச் சொல்ல வேறு எந்த வழிக்கும் திராணி இல்லை.

சரி, அப்புறம் ஏன் மற்றவை? முதல் காரணம், வண்டிக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. என்ஜின் மாறியிருக்கும். கியர்பாக்ஸ் வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும். கேட்டலாக்குக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டாவது காரணம் இன்னும் எரிச்சலானது. கேட்டலாக் காட்டுவது கம்பெனி எதை விற்க விரும்புகிறதோ அதை மட்டும்தான். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் பேரிங் அதில் இருக்காது, முழு ஆல்டர்னேட்டர்தான் இருக்கும். பால் ஜாயின்ட் போனால் ஆர்மோடு சேர்த்து வாங்கு என்பார்கள். பாகம் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், ஆனால் கேட்டலாக்கைப் பொறுத்தவரை அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது.

பாகத்தின் மேல் இருக்கும் எண்

இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். துணியும் மண்ணெண்ணெயும் வைத்துத் துடைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்துபோன எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

எண்ணின் வடிவமே யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுத்துவிடும். டொயோட்டாவில் ஐந்து எழுத்து, ஒரு கோடு, மறுபடி ஐந்து எழுத்து. முதல் பாதி பாகத்தின் வகையைச் சொல்லும்: 90915 என்றால் ஆயில் ஃபில்டர், 90311 என்றால் ஆயில் சீல். ஹோண்டாவில் ஐந்து, மூன்று, மூன்று என்று பிரியும். நடுவில் வரும் மூன்று எழுத்து எந்த மாடலுக்காக வடிவமைத்தார்கள் என்பதற்கான குறி. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் மூன்று மூன்றாக ஒன்பது. அங்கே இடது பக்கப் பாகம் ஒற்றைப்படையிலும் வலது பக்கம் இரட்டைப்படையிலும் முடிவது வழக்கம். ஐந்தாம் தலைமுறை கோல்ஃபின் முன்பக்க கன்ட்ரோல் ஆர்ம் 1கே0 407 151 என்றால் இடது, 152 என்றால் வலது. கடைசியில் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்துகளை அலட்சியமாக விட்டுவிடுபவர்கள் அதிகம். வடிவமைப்பைத் திருத்தியதற்கான அடையாளம் அதுதான்.

ஆனால் பாகத்தின் மேல் இருக்கும் எல்லா எழுத்தும் பார்ட் நம்பர் அல்ல. பிளாஸ்டிக்கில் பிஏ66-ஜிஎஃப்30 என்று இருந்தால் அது 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் என்ற பொருள் விவரம். அதைத் தேடினால் உலகத்தில் உள்ள பாதி பிளாஸ்டிக் சாமான் வந்து நிற்கும். பக்கத்தில் கடிகாரம் போல ஒரு வட்டமும் அம்புக்குறியும் இருந்தால் வார்த்த மாதத்தைக் காட்டுகிறது. விளக்கிலும் கண்ணாடியிலும் வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’யும் ஓர் எண்ணும் இருக்கும். அது ஒப்புதல் முத்திரை: 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து கொடுத்த ஒப்புதல். இரும்பிலும் அலுமினியத்திலும் புடைத்து நிற்கும் வார்ப்பு எண்தான் மகா குழப்பம். ஒரே வார்ப்பை எடுத்து மூன்று விதமாகத் துளையிட்டு மூன்று வண்டிக்குப் போட்டிருப்பார்கள். வார்ப்பு எண் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். செதுக்கிய எண்ணையோ ஸ்டிக்கரையோ நம்பலாம், புடைத்த எண்ணை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வண்டிக் கம்பெனியின் எண்ணைவிட, அதைத் தயாரித்துக் கொடுத்த நிறுவனத்தின் எண் கிடைத்தால் எனக்குக் கொண்டாட்டம். பாஷ் பாகங்களில் பத்து இலக்கம் இருக்கும்: 0 445 என்று தொடங்கினால் காமன் ரெயில் டீசல் சாமான், 0 280 என்றால் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் சார்ந்தது, 0 986 என்றால் சந்தைக்கென்று தனியாக விற்கும் வரிசை. இந்த எண் கிடைத்துவிட்டால் வண்டியின் பெயரே தேவையில்லை. டொயோட்டா ஐகோ, பெஜோ 107, சிட்ரோயன் சி1 மூன்றும் செக் நாட்டின் கோலின் நகரில் ஒரே ஆலையில் உருவானவை. ஒரே சாமான் மூன்று பெட்டியில் மூன்று எண்ணோடு வரும். ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்ற அபூர்வமான சூப்பர் காரின் பின்விளக்கு ரோவர் 200 என்ற சாதாரணக் காரிலிருந்து எடுத்தது. பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை எப்படி ஆடும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெர்னியர்

கேட்டலாக் கைவிரித்த இடத்தில் வெர்னியர் ஜெயிக்கும். காரணம் எளிது: பேரிங், ஆயில் சீல், பெல்ட், போல்ட், ஓ-ரிங் எல்லாம் வண்டிக்காகப் பிறந்தவை அல்ல. பொது அளவில் செய்தவை. பம்புசெட்டிலும் சலவை இயந்திரத்திலும் அதே 6203 பேரிங்தான்: உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. இந்த வரிசையில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும்; 6204 என்றால் 20, 6205 என்றால் 25. பின்னால் 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகரம். சி3 என்று இருந்தால் உள்ளே இடைவெளி சற்று அதிகம். சூடாகும் இடத்துக்கு அது வேண்டும். பழையதில் சி3 இருந்து, புதியதில் இல்லையென்றால் அளவு ஒத்துப்போனாலும் வாங்க வேண்டாம்.

ஆயில் சீலில் மூன்று அளவு: ஷாஃப்ட், வெளிவட்டம், தடிமன். 35-52-7 என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. எழுத்து அழிந்திருந்தால் சீலை அளக்காமல் ஷாஃப்ட்டையும் அது உட்காரும் குழியையும் அளக்க வேண்டும். பழைய ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியிருக்கும், ஷாஃப்ட்டைத் தொடும் உதடு தேய்ந்திருக்கும், அது சொல்வது பொய். அளவு சரியாக இருந்தாலும் ரப்பரின் ரகம் வேறாக இருக்கலாம். நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் தளரத் தொடங்கும், எஃப்கேஎம் ரகம் 200 வரை தாங்கும். உதட்டில் சாய்ந்த வரிகள் இருந்தால் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் கணக்கில் சேரும்.

பெல்ட்டில் 6பிகே1200 என்றால் ஆறு வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். சுலபம்.

மரைதான் ஆளைக் கவிழ்ப்பது. எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் போல்ட், என்று அளந்துவிட்டு நிம்மதியாகப் போகக் கூடாது. அதிலேயே 1, 1.25, 1.5 என்று மூன்று மரை இடைவெளி உண்டு. இதற்கு நடுவில் இன்ச் அளவில் எட்டில் மூன்று பங்கு போல்ட் 9.525 மில்லிமீட்டர் வரும். அதில் அங்குலத்துக்கு 24 மரை, அதாவது இடைவெளி 1.06 மில்லிமீட்டர் அளவுக்கு. எம்10-1 துளையில் அது இரண்டு மூன்று சுற்று சமத்தாகப் போகும், அப்புறம் இறுகும். “கொஞ்சம் டைட்டாக இருக்கிறது” என்று ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பிரேக் குழாயில் இந்த இரண்டு அளவும் புழக்கத்தில் உள்ளவை என்பதால் பத்து நிமிஷம் செலவழித்து மரை கேஜை வைத்துப் பார்த்துவிடுவது உயிருக்கு நல்லது.

வெர்னியர் தோற்கும் இடமும் தெளிவானது. அளவைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. இரண்டு வெப்ப சென்சார்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும், மின்தடைக் கணக்கு வேறாக இருக்கும். ஸ்பார்க் பிளக்கில் மரையும் நீளமும் ஒத்திருந்தாலும், சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பதைக் குறிக்கும் வெப்ப எண் வேறாக இருக்கலாம். இதில் இன்னொரு கூத்து: என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், பாஷில் எண் கூடினால் சூடான ரகம். என்ஜிகே பிபிஆர்6இஎஸ்ஸுக்கு இணையானது பாஷ் டபிள்யூஆர்7டிசி. எண்ணைப் பார்த்து “6-க்கு 6” என்று மாற்றினால் கதை கெட்டது. சக்கர பேரிங் சிலவற்றில் ஒரு பக்க மூடியில் காந்தம் பதித்திருப்பார்கள், ஏபிஎஸ் சென்சார் படிப்பதற்காக. அளவு ஒன்றாக இருக்கும் காந்தமில்லாத பேரிங்கும் கச்சிதமாக உட்காரும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையாது.

படம், ஆட்கள், காயலான் கடை

படத்தை வைத்துத் தேடுவது பாகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும். எண்ணைக் கண்டுபிடிக்க உதவாது. அதே மாடலை நாள்தோறும் பிரிக்கும் ஒருவர் படத்தைப் பார்த்து “இது பிசிவி வால்வு” என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அனுப்பும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், கனெக்டரின் வாய்ப்பக்கம் தெரிய எடுங்கள், கழற்றும் முன் வண்டியில் இருந்த இடத்தையும் எடுங்கள். மூன்றாவது படம்தான் முக்கியம், அதைத்தான் யாரும் எடுப்பதில்லை. விற்பனைத் தளங்களில் “உங்கள் வண்டிக்குப் பொருந்தும்” என்று வரும் பச்சைக் குறியை நான் ஒரு துப்பாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. சேசிஸ் எண்ணே கேட்காமல் மாடலையும் ஆண்டையும் மட்டும் வைத்து வருகிற குறிக்கு, மேலே சொன்ன நடு ஆண்டு மாற்றம் எப்படித் தெரியும்?

காயலான் கடை, தனியாக விற்காத பாகங்களுக்குச் சரியான இடம்: கிளிப், கைப்பிடி, பிராக்கெட், வயரிங் துண்டு, காது உடைந்த ஹெட்லைட்டுக்கு மாற்றுக் கூடு. பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேறு எந்த வழியிலும் வாங்கும் முன் இந்த வசதி கிடையாது. ரப்பர், பெல்ட், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றை அங்கே வாங்கவே கூடாது. என்ஜின் கணினியை வாங்குவதானால் யோசித்து வாங்க வேண்டும். சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபைலைசர் உள்ள வண்டியில் அது பழைய சாவியோடு ஜோடி சேர்ந்திருக்கும். எண் ஒன்று, கனெக்டர் ஒன்று, எல்லாம் ஒன்று, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. ஜோடியைப் பிரித்து உங்கள் சாவியோடு சேர்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிட்டு, அப்புறம் காசை எடுங்கள்.