வண்ண வட்டத்துக்குப் பின்னால் உள்ள எண்

பழைய கார் ஒன்றை வாங்குவதற்காகச் சில மாதங்களாக நம்பகத்தன்மை மதிப்பீடுகளை வரி விடாமல் படித்து வந்தேன். சந்தா கட்டிப் படித்தவையும் உண்டு, இலவசமாகக் கிடைத்தவையும் உண்டு. படித்து முடித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகியது. பல ஆண்டுகள் தொடர்ந்து ‘மிக மோசம்’ என்று குறிக்கப்பட்ட மாடலை ஒதுக்கிவிட இந்த மதிப்பீடுகளைத் தாராளமாக நம்பலாம். ஆனால் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கார்களில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க அவற்றை நம்பக் கூடாது. பலரும் இந்த இரண்டாவது வேலைக்குத்தான் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். அமெரிக்காவில் 1936இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் கார்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போல விலை கொடுத்து வாங்குகிறது. ஆண்டுதோறும் தன் உறுப்பினர்களிடம், கடந்த 12 மாதங்களில் காரில் கடுமையான பிரச்சினை ஏதும் வந்ததா என்று கேட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், மின்சாதனங்கள் எனப் பகுதி பகுதியாகப் பிரித்து, லட்சக்கணக்கான கார்களைப் பற்றிய பதில்களைத் தொகுக்கிறது. எஞ்சின் பழுதையும் கதவு ரப்பரின் கிறீச்சொலியையும் ஒரே தராசில் நிறுக்காமல் பெரிய பழுதுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. அதன் நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. டொயோட்டாவின் புதிய மாடல் என்றால் தரவு வரும் முன்பே சிபாரிசு செய்து வந்த இதே அமைப்பு, 2007இல் கேம்ரியின் வி6 வகை உட்படச் சில டொயோட்டா, லெக்ஸஸ் வகைகள் சராசரிக்குக் கீழே இறங்கியதும் அந்த வழக்கத்தைக் கைவிடுவதாக வெளிப்படையாக அறிவித்தது. அப்படி அறிவித்ததைப் பாராட்ட வேண்டும். அதேசமயம், அதுவரை வாசகர் படித்த சிபாரிசுகளில் ஒரு பகுதி, கம்பெனியின் பழைய பெயரை வைத்துச் செய்த ஊகம் என்பதையும் அந்த அறிவிப்பே காட்டிவிடுகிறது. புத்தம் புதிதாக வடிவமைக்கப்பட்ட மாடலுக்கு இன்றும் ‘எதிர்பார்க்கப்படும் நம்பகத்தன்மை’ என்ற மதிப்பெண் வருகிறது. முந்தைய தலைமுறைக் காரையும் கம்பெனியின் வரலாற்றையும் பார்த்துக் கணித்த எண் அது.

நேர்மையான அமைப்பாக இருந்தாலும் அதன் மூலப்பொருள் மனிதர்களின் நினைவுதான். இதை நானே அனுபவித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு கருத்துக்கணிப்புப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ‘கடுமையான பிரச்சினை ஏதும் உண்டா’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ‘இல்லை’ என்று குறித்தேன். என் மனைவி சர்வீஸ் ரசீதுகள் வைத்திருந்த உறையைப் பிரித்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பாகம் உடைந்து, கார் மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருக்கிறது. வாரன்ட்டியில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள், மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள். அதனால் அது என் மனத்தில் பிரச்சினையாகவே பதியவில்லை. அதே பாகத்துக்கு ஒருவர் கைக்காசு கொடுத்து, அலைக்கழிக்கப்பட்டும் இருந்தால், கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார். கார் ஒன்று, பழுது ஒன்று, பதில் மட்டும் இரண்டு. ஒரு பிராண்டின் மீது ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர் சிறு பழுதை மன்னிக்கிறார், சந்தேகத்தோடு வாங்கியவர் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையில் டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸ்மும் தயாராயின. அடிப்படையில் இரண்டும் ஒரே கார். ஆனால் பழைய கார் சந்தையில் பிரிஸ்ம் குறைந்த விலைக்கே போனது.

அடுத்தது ஜே.டி. பவர். 1968இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் இரண்டு பெரிய ஆய்வுகளை வெளியிடுகிறது. ஒன்று, கார் வாங்கிய முதல் 90 நாட்களில் வந்த குறைகளைக் கேட்பது. மற்றொன்று, மூன்று ஆண்டு ஓடிய கார்களைப் பற்றிக் கேட்பது. 100 கார்களுக்கு எத்தனை பிரச்சினைகள் என்பதே அளவுகோல். கார் கம்பெனிகள் இதன் தரவுகளை விலைக்கு வாங்குகின்றன, விருதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளவும் பணம் கட்டுகின்றன. விளம்பரத்தில் அந்தக் கோப்பையைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது. ஆனால் என் பெரிய தயக்கம் எதைப் பிரச்சினையாக எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 2011இல் வெளியான 90 நாள் ஆய்வில் ஃபோர்டு 5ஆம் இடத்திலிருந்து 23ஆம் இடத்துக்கு விழுந்தது. புதிய தொடுதிரை அமைப்பு உரிமையாளர்களைக் குழப்பியதும், சில கியர்பாக்ஸ்களின் நடத்தை பிடிக்காமல் போனதும் இதில் பெரும்பங்கு வகித்தன. குழப்பும் திரை எரிச்சலூட்டும் என்பது உண்மைதான், ஆனால் அதனால் யாரும் நடுச்சாலையில் நிற்பதில்லை.

எண்களையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2024இல் வெளியான மூன்றாண்டு ஆய்வில் முதலிடம் பெற்ற லெக்ஸஸுக்கு 135, தொழில்துறை சராசரி 190. தரவரிசைப் பட்டியலில் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரமாகத் தெரிகிறது. 100ஆல் வகுத்தால், முதல் இடத்துக் காருக்கு ஆண்டுக்கு 1.35 பிரச்சினை, சராசரிக் காருக்கு 1.9, வித்தியாசம் ஒரு காருக்கு அரைப் பிரச்சினையைத் தாண்டி மிகச் சிறிதளவு. அந்த 190இலும் ஏறக்குறைய கால்பங்கு பாட்டு, வரைபடம், போன் இணைப்பு தொடர்பானவை.

இதோடு மாதிரி அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மாடலுக்கு 200 பேர் பதில் சொல்லி, அவர்களில் 10 சதவீதம் பேர் பழுது என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். புள்ளியியல் கணக்குப்படி உண்மையான விகிதம் சுமார் 6 முதல் 14 சதவீதத்துக்குள் எங்கும் இருக்கலாம். 9 சதவீதம் வாங்கிய காரும் 12 சதவீதம் வாங்கிய காரும் வேறு வேறு என்று அந்த 200 பேரை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் அச்சில், மதிப்பீட்டைக் காட்டும் வண்ண வட்டங்களில், ஒன்றுக்குப் பச்சை வட்டமும் மற்றொன்றுக்கு மஞ்சள் வட்டமும் விழுந்துவிடக்கூடும். வட்டத்தின் பக்கத்திலேயே எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எத்தனை சதவீதம் என்று அச்சிட்டால் வாசகர் தானே புரிந்துகொள்வார். சந்தா கட்டுகிறவன் என்ற முறையில் நான் அழுத்திக் கேட்பது இதைத்தான்.

நினைவை நம்பாமல் நேரடியாக எண்ணும் மதிப்பீடுகளும் உண்டு. ஜெர்மனியில் கட்டாயத் தகுதிச் சோதனை முடிவுகளிலிருந்து, அந்தச் சோதனைகளை நடத்தும் டியூவி அமைப்புகளின் அறிக்கை தயாராகிறது. சோதகர் காரைத் தூக்கி வைத்து அடியில் நின்று பார்த்து எழுதுகிறார் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த மூலம். இதற்கும் எல்லை உண்டு. 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் இரண்டு மூன்று ஆண்டு வயதுள்ள கார்களில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடம் பிடித்தது, 14.7 சதவீதக் கார்களில் குறிப்பிடத்தக்க குறைகள் இருந்தன. விளக்குகள், பிரேக் டிஸ்க், அச்சுத் தாங்கிகள் ஆகியவை முக்கியக் காரணங்கள். மற்ற கார்கள் பெரும்பாலும் ஆண்டு சர்வீஸுக்குப் போய், மெக்கானிக் சரிசெய்த பிறகு சோதனைக்கு வருகின்றன. டெஸ்லா அப்படிக் கட்டாயமான ஆண்டு சர்வீஸ் வைப்பதில்லை. ஆக, இந்த எண்ணில் காரின் தரமும் பராமரிப்புப் பழக்கமும் கலந்தே இருக்கின்றன. இன்னொன்று, கியர்பாக்ஸ் போய்ச் செலவு வைத்த காரும் செப்பனிடப்பட்டபின் இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும். சாலையில் நின்றுபோன கார்களை எண்ணும், ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியின் புள்ளிவிவரத்திலோ, முதலிடம் பிடிக்கும் காரணம் 12 வோல்ட் பேட்டரி.

மாடலின் பெயருக்குக் கீழே வரும் ஒற்றை மதிப்பெண்ணும் ஏமாற்றக்கூடும். ஃபோர்டு ஃபோகஸின் ஒரு தலைமுறையில் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறலுக்கும் புகாருக்கும் வழக்குக்கும் பெயர் பெற்றது. அதே ஆண்டு, அதே உடல், ஆனால் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் கொண்ட காருக்கு அந்த வியாதி இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மேலே உள்ள வட்டத்தை விட்டுவிட்டு, பகுதிவாரி அட்டவணைக்கு இறங்கி, எஞ்சின், கியர்பாக்ஸ் வரிசைகளை மட்டும் நான்கைந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் படிப்பேன். ஒரே பகுதியில் ஒரே நிறச் சிவப்பு ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை.

அப்படித்தான் என் பட்டியலிலிருந்த ஏழு கார்களில் மூன்று போயின. மீதி நான்கில் மதிப்பெண் மிக உயர்ந்த மாடலைப் பார்க்கப் போனபோது மெக்கானிக்கையும் அழைத்துச் சென்றேன். வெளியில் பளபளவென்று இருந்தது. அவர் கியர்பாக்ஸ் ஆயில் அளவுகோலை உருவி, வெள்ளைத் தாளில் துடைத்து என்னிடம் நீட்டி, “மோந்து பாருங்க சார்” என்றார். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாஷன் போலக் கறுத்திருந்தது, கருகிய வாடை அடித்தது. அந்த மாடலுக்குக் கியர்பாக்ஸ் வரிசையில் எல்லா ஆண்டும் பச்சைதான், அது பொய்யும் இல்லை. அந்தக் காரை விட்டுவிட்டு, மதிப்பெண்ணில் ஒரு படி கீழே இருந்த, எல்லா சர்வீஸ் ரசீதும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்த மற்றொன்றை வாங்கினேன்.