சான்றிதழ் யாருடைய பெயரில்? வன்னியிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் வழிகள்

முருங்கை, பப்பாசி, கச்சான், மரமுந்திரிகை என்று வன்னியில் விளைகிற பலதுக்கும் கடல் கடந்து வாங்க ஆள் உண்டு. வாங்குகிறவர்கள் கேட்கும் சுற்றாடல் தரநிலைகளும் உண்டு. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் இந்தக் கதை வந்தால் எந்தத் தரம் கடுமை, எது இலேசு என்றுதான் வாதம் போகும். அது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் எண்ணம். சான்றிதழ் யாருடைய பெயரில் இருக்கும், அதற்கான காசை யார் கட்டுவார்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வழியின் குணமும் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. சட்டம் வேறு, சான்றிதழ் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில், பயிருக்கு அடிக்கும் ஒரு பீடைநாசினிக்கென்று தனி எல்லை வைக்கப்படவில்லை என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் எச்சம்தான் அனுமதி. அதாவது 100 தொன்னில் 1 கிராம். கையில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது எல்லாருக்கும் பொது. 2019 டிசெம்பர் 14 முதல் அங்கே போகும் பழம், மரக்கறிக்கு, பூச்சி, நோய் இல்லை என்று அரசு கொடுக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழும் சட்டப்படி கட்டாயம். அன்னாசி, தேங்காய், தூரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பப்பாசி அந்தப் பட்டியலில் இல்லை. 200 கிலோ அனுப்பினாலும் 5 தொன் அனுப்பினாலும் ஏ-9 வீதியால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அலையும் அலைச்சல் ஒன்றுதான். சின்னக் கமக்காரரை அடிப்பது இந்தக் கணக்கு. விதி எல்லாருக்கும் ஒன்று, ஆனால் ஒரு கிலோவுக்கு விழும் செலவு ஆளுக்காள் வேறு.

பிழை விட்டவர் மட்டும் மாட்டுப்படுவதுமில்லை. கென்யாவின் போஞ்சியில் டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்தின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டதும், 2013 தொடக்கத்திலிருந்து அந்த நாட்டுப் போஞ்சிச் சரக்கில் நூற்றுக்குப் பத்தை ஐரோப்பிய எல்லையில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். மருந்தே அடிக்காதவரின் போஞ்சியும் அந்த வரிசையில் காத்துக்கிடந்தது.

சரி, இனி வழிகள்.

இரசாயனப் பசளையும் மருந்தும் போடாமல் விளைவித்ததற்கான சேதனச் சான்றிதழில்தான் விலை அதிகம், பாடும் அதிகம். இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு நெற்றி சுருங்கும், அதில் நியாயமும் இருக்கிறது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியாவை வன்னிக்குள் வரவிடவில்லை. பிறகு 2021 மே மாதம் கோட்டாபய ராஜபக்ச அரசு ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் திருப்பி எடுத்தது. இரண்டு தடவையும் யாரும் கமக்காரரைக் கேட்கவில்லை, கூடுதல் விலையும் தரவில்லை. ஐரோப்பியச் சந்தைக்கான சேதனம் விரும்பி எடுப்பது. ஆனால் பொறுமை வேண்டும். ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 வருடம், மரப்பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 வருடம் மாற்றக்காலம், அதாவது சேதன முறையில் செய்தும் சேதனம் என்று விற்க முடியாத காலம். அந்த வருடங்களில் செலவு சேதனத்துக்கு, விலை சாதாரணச் சந்தைக்கு.

இங்கே வன்னிக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு காணியில் குறைந்தது 3 வருடம் தடைசெய்யப்பட்ட எதுவும் போடப்படவில்லை என்று காட்ட முடிந்தால், போன காலத்தையும் மாற்றக்காலமாக எண்ணலாம் என்று ஐரோப்பிய விதியில் இடமுண்டு. போருக்குப் பிறகு திருத்தப்படாமல் கிடக்கும் மேட்டுக்காணி, படையினரிடமிருந்து பிந்தித் திரும்பிய காணி இதெல்லாம் இங்கே கொஞ்சநஞ்சமல்ல. சிக்கல் அதை நிரூபிப்பதில். இடம்பெயர்வில் அனுமதிப்பத்திரம் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், வனத் திணைக்களத்தோடு எல்லைத் தகராறில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். காணிக் கடுதாசியே இழுபறி என்றால் 3 வருடச் சரித்திரத்தை எப்படிக் காட்டுவது?

இரண்டாவது தொல்லை பக்கத்து வயல். சோளகக் காற்று அடிக்கிற நேரம் அங்கே அடிக்கும் களைநாசினி இங்கே வந்து படும். வேலிக்கரையில் இடைவெளி விடவேண்டும், முடிந்தால் மரம் வைக்கவேண்டும். தன் வயலுக்கே இரசாயனம் போடுகிறவர் மேட்டுக்காணியை மட்டும் சேதனம் என்று காட்டுவதும் இலேசில்லை. பயிர், தெளிகருவி, களஞ்சியம், கணக்கு எல்லாம் வேறுவேறாக இருக்கவேண்டும்.

ஆனால் 2022இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 இலக்கச் சேதன ஒழுங்குவிதி ஒரு விடயத்தை மாற்றியது. முன்பு பல நாடுகளில் ஏற்றுமதிக் கம்பனியே சான்றிதழை வைத்திருந்தது, கமக்காரர் அதன் பட்டியலில் ஒரு பெயர். பலர் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் எடுப்பதானால், புதிய விதிப்படி அந்தக் குழு கமக்காரரால் ஆனதாக, சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்கவேண்டும். ஒரு குழுவில் 2,000 பேர் வரை. 5 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 12 ஏக்கருக்கு உட்பட்டவர்கள் சேரலாம். இங்கே அநேகமானவர்கள் அந்த அளவுக்குள் வருவார்கள். விளைச்சலைக் கூட்டாக விற்கவேண்டும், ஒவ்வோர் அங்கத்தவரின் தோட்டத்தையும் குழுவே வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துப் பதியவேண்டும். வெளியார் வந்து சரிபார்ப்பது அதற்கு மேலே. பல இடங்களில் இதைச் சுமை என்றார்கள், நான் அப்படிப் பார்க்கவில்லை. கூட்டுறவுச் சங்கப் பழக்கம் ஊறிய இடம் இது. சங்கத்தின் பெயரில் சான்றிதழ் இருந்தால் இந்த வருடம் ஒரு கம்பனி விலையைக் குறைத்தால் அடுத்த வருடம் இன்னொரு கம்பனியிடம் போகலாம்.

குளோபல் ஜி.ஏ.பி. வேறு இனம். 1997இல் ஐரோப்பிய சுப்பர்மார்க்கெற்காரர் யூரெப்கப் என்ற பெயரில் தொடங்கிய தனியார் தரநிலை இது, 2007இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இரசாயனம் போடலாம், ஆனால் என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் திகதி, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் என்று கொப்பியில் இருக்கவேண்டும். மருந்துக்குப் பூட்டிய அறை, கை கழுவ இடம், தெளிக்கிறவருக்குக் கையுறை, முகமூடி. மாற்றக்காலம் இல்லை என்பது பெரிய ஆறுதல். குழுவாக எடுத்தால் வெளிப் பரிசோதகர் அங்கத்தவர் தொகையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் தோட்டம் பார்ப்பார், 100 பேருக்கு 10 தோட்டம். ஆனால் ஒருவர் கொப்பி எழுதாமல் விட்டால் குழு முழுவதும் இடைநிறுத்தப்படலாம். ஆபிரிக்காவில் இந்தத் தரநிலை வந்தபோது சின்னக் கமக்காரர் பலர் ஏற்றுமதியை விட்டே விலகியது தரம் விளங்காததால் அல்ல. வருடாவருடம் கட்டவேண்டிய செலவை, உதவித் திட்டம் முடிந்தபின் தாங்க முடியவில்லை. நன்கொடை நிறுவனங்களின் திட்டங்கள் வந்து போனதைக் கண்ட எங்களுக்கு இது புதுக்கதையில்லை.

கம்பனியே செலவு செய்து தன் பெயரில் குளோபல் ஜி.ஏ.பி. எடுப்பதும் நடக்கிறது. பயிற்சி, பரிசோதனை, லொறி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கையில் காசில்லாதவருக்கு இதுதான் தொடங்கக்கூடிய வழி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் வராத வருடம் அதே காயைச் சான்றிதழோடு வேறு யாருக்கும் விற்க முடியாது. தெளிப்புப் பதிவேட்டின் ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள்.

விவசாயத் திணைக்களம் கொடுக்கும் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழை ஐரோப்பியக் கடைகள் குளோபல் ஜி.ஏ.பி.க்குச் சமமாக எடுப்பதில்லை. மத்திய கிழக்கு, மாலைதீவு வியாபாரத்துக்கும் கொழும்புச் சுப்பர்மார்க்கெற்றுக்கும் அது பயன்படும். எழுதிப் பழகவும் நல்லது. கமக்காரர் ஒருவரையொருவர் பார்த்து உறுதிசெய்யும் பங்கேற்பு முறையும் இருக்கிறது, செலவு குறைவு. ஆனால் அதைக் காட்டிச் சேதனம் என்று ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது.

பயிரை வைத்துச் சொன்னால், பப்பாசிக்குச் சேதனச் சான்றிதழ் தேடி அலையவேண்டாம். மரம் நன்றாகக் காய்ப்பதே இரண்டு மூன்று வருடம், மாற்றக்காலம் முடியும்போது மரமும் முடிந்திருக்கும். திணைக்களச் சான்றிதழோடு மத்திய கிழக்குக்குப் போகட்டும். கச்சானுக்கு ஐரோப்பா வேண்டவே வேண்டாம். நேரடியாகச் சாப்பிடும் கச்சானில் பூஞ்சண நஞ்சான அஃப்ளடொக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, மாரி மழை நனைத்த கச்சானோடு அந்தச் சூதாட்டம் எதற்கு? உள்ளூரிலேயே அதற்கு நல்ல கிராக்கி. சேதனத்துக்கு நான் தெரிவு செய்வது மரமுந்திரிகையையும் முருங்கையையும்தான். மரம் நீண்ட நாள் நிற்கும், பசளையும் அதிகம் கேட்காது, முருங்கையின் மயிர்க்கொட்டியை மருந்தில்லாமலும் சமாளிக்கலாம்.

அந்த வழியில் இறங்க நினைக்கும் சங்கம் முதலில் தன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். கணக்காய்வு பிந்திக் கிடந்தால், வருடாந்தப் பொதுக்கூட்டம் நடக்காமல் இருந்தால், பரிசோதகர் தோட்டத்துக்கு வரமுன்னரே அலுவலகத்தில் குழு விழுந்துவிடும். காணிப் பத்திரம் தொலைத்த அங்கத்தவர்களின் பட்டியலையும் கையோடு எடுத்துப் பிரதேச செயலகத்தில் கொடுத்துவிடுவது நல்லது, அங்கே அலுவல் முடிய நாள் எடுக்கும்.