ஸ்லீப்பிங் பார்ட்னராகச் சேரச் சொன்னால் ஜாக்கிரதை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் உள்ளவர்கள் முழுசாகப் படியுங்கள். ரிட்டயர்மென்ட் பணம் கையில் இருக்கும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் அப்பச்சியிடம் பழக்கமான ஒருவர் வந்தார். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வைத்திருப்பவர். "நீங்க ஸ்லீப்பிங் பார்ட்னர் மட்டும்தான் அண்ணே. பட்டறைப் பக்கமே வர வேண்டாம். லாபத்துல பங்கு வரும், கடன்கிடன் எல்லாம் என் பொறுப்பு" என்றார். பத்திரத்திலும் 'இரண்டாம் பங்குதாரர் நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல' என்று ஒரு வரி. அதை நம்பித்தான் அப்பச்சி கையெழுத்துப் போட்டார்.

கொஞ்ச நாள் லாபம் என்று ஏதோ வந்தது. அப்புறம் சிமென்ட் பாக்கிக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தது, அப்பச்சி பெயருக்கு. பட்டறைக்காரர் பெயரில் ஒரு சொத்தும் இல்லை. வீடு உட்பட எல்லாவற்றையும் முன்பே மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார். கேட்டால், "நீங்களும் பார்ட்னர்தானே" என்கிறார். வயசான மனுஷனிடம் இப்படிப் பேச எப்படித்தான் மனசு வந்ததோ!

வக்கீல் விளக்கியது இதுதான். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 25-ஆம் பிரிவு. பங்குதாரராக இருக்கும் காலத்தில் நிறுவனம் செய்த எதற்கும் ஒவ்வொருவரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. பட்டறைக்குப் போனாரா, கணக்குப் பார்த்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. பத்திரத்தில் இருக்கும் அந்த வரி பங்குதாரர்களுக்குள் மட்டும்தான் செல்லும்; கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. அவர் முழுப் பாக்கியையும், சொத்து யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். கட்டிவிட்டு, அந்த வரியைக் காட்டிப் பட்டறைக்காரர் மேல் நாம் வழக்குப் போடலாம். ஒன்றுமே இல்லாதவரிடம் போட்டு என்ன வாங்குவது?

உதவத்தான் வேண்டும் என்றால் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கடனாகக் கொடுங்கள். கடன் கொடுத்தவர் என்பதாலேயே யாரும் பங்குதாரர் ஆவதில்லை. கூட்டாகத்தான் தொழில் என்றால், 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.எல்.பி.யாக, அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டாண்மையாகப் பதியச் சொல்லுங்கள். பொதுவாக, போட்ட முதலோடு நம் பொறுப்பு நிற்கும். ஆனால் பேங்க் கடனுக்குத் தனியாக ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

ஏற்கெனவே சேர்ந்திருந்தால், வாயால் 'விலகிட்டேன்' என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். பதிவான நிறுவனம் என்றால் கூட்டு நிறுவனங்களின் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் அறிவிப்பு, உள்ளூர்த் தமிழ் நாளிதழில் அறிவிப்பு, மூன்றும் வேண்டும். அதற்கு முன் ஏறிய கடன் அப்படியேதான் நிற்கும். கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டால்தான் விடுதலை. எங்கள் வக்கீல் இப்போது சிமென்ட் கடைக்காரரிடம் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.