கடவுச்சொல் மாற்ற இரு கட்டளைகள்

சுங்கை சிப்புட் தோட்ட அலுவலகத்தில், கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நிற்கும் கிராணிமாருக்குக் குறைவில்லை. பயனர் கணக்குகளைச் சேமித்து வைக்கும் ஓப்பன்எல்டேப் அடைவில் அதை மாற்ற எல்டேப்மாடிஃபை (ldapmodify), எல்டேப்பாஸ்வேர்ட் (ldappasswd) என இரு கட்டளைகள் உள்ளன. முன்னது நாம் கொடுப்பதை யூசர்பாஸ்வேர்ட் புலத்தில் எழுதிவிடும். கடவுச்சொல் கொள்கையில் தனி ஏற்பாடு இல்லையென்றால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும். தேடும்போது எவரும் எளிதில் திருப்பிப் படிக்கக்கூடிய பேஸ்64 வடிவில் தெரிவதைக் கண்டு, மறைகுறியாக்கம் என்று ஏமாந்துவிடக் கூடாது.

பின்னது, 2001இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3062 என்ற இணையத் தரநிலை ஆவணம் வகுத்த தனிச்செயலின் வழியே கடவுச்சொல்லை வழங்கியிடம் ஒப்படைக்க, அதை ஹாஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி) சேமிப்பதை வழங்கியே பார்த்துக்கொள்கிறது. சிறிய எஸ் (-s) குறியோடு தட்டினால் கடவுச்சொல், தட்டிய கட்டளைகளைப் பதிந்துவைக்கும் ஷெல் வரலாற்றில் தங்கிவிடும் என்பதால், நான் பெரிய எஸ்ஸையே (-S) பயன்படுத்துகிறேன். திரையில் எதுவும் தெரியாமல் இருமுறை கேட்டுக்கொள்ளும். பலருடைய தொலைபேசி எண்களை ஒரே கோப்பில் திருத்தும் நாளில் மட்டுமே எல்டேப்மாடிஃபை பக்கம் போகிறேன்.