பி.எம்.ஐ.யா, இடுப்பளவா?

உடல்நலத்தைக் கவனிக்க ஒரு எண் போதும் என்றால் எதை எடுப்பது? பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்.

செலவு: பி.எம்.ஐ.க்கு எடை மெஷின் வேண்டும். இடுப்பளவுக்குத் தையல் டேப் போதும்.

சுலபம்: பி.எம்.ஐ. வெறும் வகுத்தல் கணக்கு. டேப்பை வைக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின். வயிற்றை எக்கக் கூடாது. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் கீழ் இருந்தால் நல்லது.

நம்பகம்: பி.எம்.ஐ., 1830-களில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே மக்கள்கூட்டத்தின் சராசரியை ஆராயப் போட்ட கணக்கு. தசையையும் கொழுப்பையும் அது பிரித்தறியாது. நீரிழிவு, இதய நோய் ஆபத்தோடு நெருங்கிய வயிற்றுக் கொழுப்பை இடுப்பளவு ஓரளவு காட்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே பொருந்தாது.

மரியாதை: எனக்கு இதுதான் முக்கியம். மருத்துவமனையில் எல்லார் முன்னும் எடையைச் சத்தமாகப் படிக்கிறார்கள். அப்புறம் காதுவலி என்று போனாலும் "முதல்ல எடையைக் குறைங்க" என்கிறார்கள். நொந்துபோனவர் அடுத்த தடவை போகவே மாட்டார், நோய் முற்றிவிடும். டேப்பை வீட்டில் தனியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

மயக்க மருந்து, மருந்தளவு என்றால் எடை கட்டாயம் தேவை, கொடுங்கள். வீட்டில் கவனிக்க இடுப்பளவு, கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும். எண்களைப் பார்த்தாலே சாப்பாட்டை நிறுத்திவிடுபவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.