ஹெட் போர்ட்டிங்: நம் கையாலா, லேத் கடையிலா?

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் காற்றும் புகையும் போய்வரும் துளைகளை (போர்ட்) குடைந்து சீராக்குவதுதான் போர்ட்டிங். “போர்ட்டிங்கை நானே செய்யட்டுமா, யாரிடமாவது கொடுக்கட்டுமா?” என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஹெட்டைப்போல இன்னொன்று கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் கிரைண்டரை எடுக்கலாம். கிடைக்காது என்றால் கொஞ்சம் பொறுங்கள். கைத்திறமை, கருவி, செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்ட்டிங்கில் நாம் செய்வதெல்லாம் உலோகத்தை எடுப்பது மட்டும்தான். போர்ட் சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. சுவர் சில இடங்களில் ஒருசில மில்லிமீட்டர்தான் இருக்கும். எங்கே மெல்லிசு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓட்டை விழுந்தால் அலுமினிய ஹெட்டை டிக் வெல்டிங்கில் ஒருமாதிரி அடைத்துவிடலாம். வார்ப்பிரும்பு என்றால் வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே வெடிப்பு ஓடும் பயம் இருக்கிறது. “தம்பி, வெட்டினதைத் திருப்பி ஒட்ட ஏலாது” என்று மருதானையில் வயதான பாஸ் (மெக்கானிக்) ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னபோது என் கையில் இருந்தது மினி 998 ஹெட். நல்லவேளையாக, அதே ஹெட் பழசு ஒன்றையும் கழிவு விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பழசில்தான் முதலில் கை வைத்தேன்.

வீட்டில் செய்வது எப்படி இருக்கும் என்று கேட்டால், மெதுவாக இருக்கும். மெனிஃபோல்ட் கெஸ்கட்டை (ஹெட்டுக்கும் காற்றுக்குழாய்க்கும் இடையே வைக்கும் தகடு) ஹெட்டில் வைத்து, முகத்தில் நீல மை தடவி, ஊசியால் ஓரத்தைக் கீறிக்கொள்ள வேண்டும். அந்தக் கோடுதான் எல்லை. நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடும் டை கிரைண்டரில் கார்பைட் பிட்டை மாட்டி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு கருந்தூளாகக் கொட்டும். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். அலுமினியம் என்றால் பிட்டின் பல்லில் அப்பிக்கொள்ளும், அதற்குப் பல் அகலமான பிட் தனியாக வேண்டும், இடையிடையே மெழுகுதிரியில் தொட்டு எடுக்க வேண்டும். நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில். இரவு எண்ணெய் தடவாமல் விட்ட இரும்பு, காலையில் மஞ்சள் பூத்து நிற்கும். மாடிவீட்டுக்காரர் என்றால் சத்தத்தையும் யோசியுங்கள். அந்தக் கிரைண்டர் பல் மருத்துவரின் கருவிபோலக் கூவும், அதுவும் மணிக்கணக்கில்.

இவ்வளவு பாடுபட்டு எங்கே வெட்ட வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வெளிவாயைப் பெரிதாக்கினால் காற்று அதிகம் போகும் என்று நினைப்பார்கள், ஏனென்றால் கைக்கு எட்டுவதும் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான். உண்மையில் காற்றுக்குத் தடை அதிகம் இருப்பது வால்வுக்குக் கீழே உள்ள குழியில். தொழிற்சாலையில் சீட், அதாவது வால்வு மூடி உட்காரும் வளையப் பரப்பு, வெட்டும்போது அதன் அடியில் ஒரு விளிம்பு எஞ்சும். விரலை விட்டுத் தடவினால் நகத்தில் இடிக்கும். அந்த விளிம்பைக் கரைத்துச் சுவரோடு சேர்ப்பதும், வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வ் கைட்டைச் சுற்றியுள்ள புடைப்பை மெலிப்பதும்தான் கொடுக்கும் உழைப்புக்கு அதிகப் பலன் தருகிற வேலை. இதற்கு நேர்மாறு உள்வளைவு, அதாவது போர்ட் தளம் வால்வை நோக்கித் திரும்பும் அந்தக் குறுகிய திருப்பம். அங்கே கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டால் காற்று சுவரை விட்டு விலகிச் சுழலும்; முன்பு இருந்ததைவிட மோசமாகும். நான் கழிவு ஹெட்டில் கெடுத்ததும் அந்த உள்வளைவைத்தான். கெட்டது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, பளபளவென்று அழகாகவே இருந்தது.

போர்ட் பெரிதானால் நல்லது என்ற எண்ணத்துக்கு டொயோட்டாவே பதில் சொல்லியிருக்கிறது. 4ஏ-ஜிஇ எஞ்சினின் முதல் தலைமுறையில் இன்டேக் போர்ட் (காற்று உள்ளே வரும் வழி) பெரியது. 1989இல் வந்த தலைமுறையில் போர்ட்டைச் சிறிதாக்கி, கம்ப்ரஷனை (சிலிண்டரில் கலவை நசுங்கும் விகிதம்) 10.3க்கு உயர்த்தினார்கள், வலு கூடியது, குறையவில்லை. போர்ட் சிறிதானால் காற்றின் வேகம் கூடும், குறைந்த சுற்றிலும் சிலிண்டர் நன்றாக நிரம்பும். காலி வீதியில் பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையே ஊரும் காருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுக்குருந்தை ஓடுபாதையில் நடக்கும் பந்தயத்துக்கோ நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கோ வண்டி தயார் செய்கிறவரின் கணக்கு வேறு, அவருக்கு மேல் சுற்றில்தான் வலு வேண்டும்.

சரி, கடையில் கொடுத்தால் எதற்குப் பணம் கொடுக்கிறோம்? முதலாவது, வீட்டில் எவ்வளவு முயன்றாலும் செய்ய முடியாத வேலைக்கு. வால்வ் சீட்டை 30, 45, 60 பாகையில் மூன்று கோணமாக, கைட்டுக்கு மையம் பிசகாமல் வெட்டுவது இயந்திர வேலை. பேஸ்ட் போட்டுக் கையால் தேய்ப்பது அதற்கு ஈடாகாது. பழைய மினி, மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. அந்தக் காலத்து இரும்பு ஹெட்டில் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) பக்கத்துச் சீட்டுக்கு ஈயம்தான் காப்பு. இப்போது கடின சீட் வளையம் இறக்காவிட்டால் வேகமாக ஓட ஓட சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். அந்த வளையத்துக்கு இடம் குடைவதும் தண்ணீர்ச் சுவருக்கு மிக அருகில்தான்.

இரண்டாவது, அளந்து பார்ப்பதற்கு. நல்ல கடை என்பதை நான் அளவை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். போர்ட்டில் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் 28 அங்குல நீர் அழுத்தத்தில் முன்னும் பின்னும் அளந்து எண்ணைக் கையில் தருகிறவர் கிடைத்தால் பணத்தை யோசிக்க வேண்டாம். அது இல்லாவிட்டாலும் ஹெட்டில் கலவை எரியும் குழியான எரியறையின் கொள்ளளவையாவது அளக்கிறாரா என்று கேளுங்கள். ஒருமுறை ஒரு கடையில் கொடுத்து வாங்கிய ஹெட்டில் இன்டேக் போர்ட்டெல்லாம் கண்ணாடிபோல மினுக்கியிருந்தார்கள். இன்டேக்குக்கு 80ஆம் நம்பர் உப்புத்தாளின் சொரசொரப்பே போதும். மினுக்கம் எக்ஸோஸ்ட் பக்கம் கரி ஒட்டாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். சீட்டின் அகலமோ சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறாக இருந்தது. கேட்டபோது “ஓடிப் பாருங்க, தெரியும்” என்றார்கள். ஓடிப் பார்த்தேன், ஐடிலில் தள்ளாடியது. அந்தக் காசும் போய், சீட்டை வேறு இடத்தில் மறுபடி வெட்டக் கொடுத்தேன்.

கொள்ளளவு அளப்பதை மட்டும், வேலையை யார் செய்தாலும், நீங்களே செய்யுங்கள். ஒரு பியூரெட் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்), எரியறையை மூடத் துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகடு, கொஞ்சம் கிரீஸ் போதும்; துளைவழியே விடும் திரவத்தின் அளவே கொள்ளளவு. மினி 998இல் ஒரு சிலிண்டர் சுமார் 249.5 சிசி, கம்ப்ரஷன் 8.3. எரியறையில் கை தவறி 2 சிசி கூடினால் அது 7.9 அளவுக்கு இறங்கிவிடும். போர்ட்டிங்கில் கிடைத்ததை அதிலேயே பறிகொடுப்போம். ஹெட்டை ஸ்கிம் செய்து, அதாவது அடிமுகத்தைச் சீவி, சரிக்கட்டலாம்தான். ஆனால் கூடுதலாகச் சீவினால் 92 ஒக்டேன் பெட்ரோலில் நொக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) வரும், அப்புறம் ஒவ்வொரு முறையும் 95 அடிக்க வேண்டியிருக்கும்.

செலவைப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். கிரைண்டர், நல்ல பிட் நாலைந்து, தாள் உருளைகள், அளவுக் கருவிகள் என்று சேர்த்தால் ஒரு ஹெட்டுக்கு மிச்சம் பிடிப்பது கொஞ்சம்தான், சீட் வேலைக்கு எப்படியும் கடைக்குப் போகவே வேண்டும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், இரண்டு மூன்று ஹெட் செய்யும் எண்ணம் இருந்தால், அப்போது அந்தக் கருவிகளுக்குப் பொருள் உண்டு.

நான் இப்போது வேலையைப் பிரித்துக்கொள்கிறேன். கெஸ்கட் பொருத்தம், வார்ப்புப் பிசிறு எடுப்பது, கைட் புடைப்பை மெலிப்பது, கொள்ளளவு அளப்பது என் வேலை. சீட், வளையம், உள்வளைவு, ஸ்கிம் கடையின் வேலை. தினமும் வேலைக்குப் போகிற ஒரே கார் என்றால், மாற்று ஹெட்டும் இல்லை என்றால், முழுவதையும் அளக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிரித்துச் செய்கிறவர்கள் வரிசையைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: முதலில் வளையம் இறக்கி சீட் வெட்டுவது, பிறகு நீங்கள் குழியைச் சீராக்குவது, கடைசியில் அவர் சீட்டை மறுபடி ஒருமுறை தொட்டுவிடுவது. இடையில் உங்கள் பிட் வழுக்கி சீட்டில் கீறல் விழுந்தால், அந்தக் கடைசிச் சுற்றில் பெரும்பாலும் அது போய்விடும்.